ஓடும் குதிரையின் நாடி: காது, பெல்ட், இசிஜி – யாருக்கு எது?

ஆடியில் அந்தியூர்ச் சந்தை முடிந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். புதுக்குதிரை வாங்கியவர்கள், பழைய குதிரையைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் என்று பலரும் கூப்பிடுவார்கள். இந்த வருடம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர்: "அண்ணா, எண்டூரன்ஸ்னு சொல்ற நீண்ட தூரப் பந்தயத்துக்குக் குதிரையைத் தயார் பண்றேன். நாடி காட்டற ஹார்ட் ரேட் பெல்ட் வாங்கலாமா?" கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏழு குதிரைகளோடு சின்னதாக சவாரிப் பள்ளி நடத்தும் ஒரு சகோதரி: "பிள்ளைங்க ஏறி இறங்கற குதிரைங்க, வெயில் காலத்துல பயமா இருக்கு. எதை வாங்கி வைக்கட்டும்?" ஈரோட்டுப் பக்கம் ரேக்ளா வண்டிக்குக் குதிரை வைத்திருக்கும் பெரியவர்: "ஏனுங்க, அந்த மெசினு இல்லாம கண்டுபுடிக்க முடியாதுங்களா?"

மூவருக்கும் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்பதை ஒரு தடவை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வண்டித்தடங்களில் குதிரை ஓட்டுகிறேன். கால்நடை மருத்துவம் படித்தவன் அல்ல. ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர், பெல்ட் மூன்றையும் பல வருடம் கையாண்டு, தப்பும் செய்து கற்றவன்.

## எதை வைத்து எடை போடுவது

கருவியின் விலையிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். நான் கேட்டுப் பார்க்கும் கேள்விகள் இவை.

நாடி, மூச்சு, உடல் சூடு ஆகிய மூன்றில் எதை அது காட்டுகிறது? ஓடும்போதே காட்டுகிறதா, நின்ற பிறகா? வியர்வையும் புழுதியும் குலுக்கலும் சேர்ந்த நிலையில் அந்த எண்ணை நம்பலாமா? வாங்கிய பிறகும் அது கேட்டுக்கொண்டே இருக்கும் செலவு எவ்வளவு? கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது: எண்ணைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் "ஒன்றும் செய்ய மாட்டேன்" என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, ஆசனவாய் வழியாகப் பார்த்த சூடு 99 முதல் 101.3 டிகிரி பாரன்ஹீட் வரை. டிராட் என்ற மெல்லோட்டத்தில் நாடி 80, 120 என்று ஏறும். கேன்டர் என்ற மிதமான பாய்ச்சலில் 120-ஐத் தாண்டி 170 வரை போகலாம். முழுப் பாய்ச்சலில் 200-ஐத் தாண்டி, உச்சத்தில் 220, 240 என்றுகூடத் தொடும். முப்பத்திச் சொச்சத்தில் துடித்துக்கொண்டிருந்த இதயம் ஏழு மடங்கு வேகம் எடுக்கிறது. மனிதர்களில் மூன்று மடங்கு ஏறினாலே பெரிது. உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லும் "220-இலிருந்து வயதைக் கழி" என்ற கணக்கைக் குதிரையிடம் கொண்டுபோகாதீர்கள்.

மூச்சைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கேன்டரிலும் பாய்ச்சலிலும் குதிரை ஒரு எட்டுக்கு, அதாவது நாலு காலும் ஒரு சுற்று ஊன்றி எடுப்பதற்கு, ஒரு மூச்சுதான் விடும். முன்கால்கள் ஊன்றும்போது காற்று வெளியே போகும், உடல் நீளும்போது உள்ளே வரும். ஆகவே பாய்ச்சலில் நிமிடத்துக்கு 110-க்கு மேல் மூச்சு விடுகிறது என்றால் அது திணறுகிறது என்று பொருளில்லை, அத்தனை எட்டு வைக்கிறது என்றுதான் பொருள். மூச்சு எண்ணிக்கை நம்மிடம் பேசுவது குதிரை நின்ற பிறகுதான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். விலாவுக்குப் பின்னால் வயிற்றோரம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினால் போதும். மூக்கின் முன் கையை வைத்து எண்ணுகிறவர்கள் உண்டு. குதிரை அந்தக் கையை மோப்பம் பிடிக்கத் தொடங்கிவிட்டால் எண்ணிக்கை கெட்டுவிடும்.

## காதும் கடிகாரமும்: ஸ்டெதஸ்கோப்

மனித மருத்துவத்துக்கு விற்கும் சாதாரண ஸ்டெதஸ்கோப்பே போதும். சில நூறு ரூபாயில் கிடைப்பதே வேலை செய்யும், ஆயிரம் ரூபாய்க்கு நல்லதே வரும். குதிரையின் இடப்பக்கம் நின்று, முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், வயிற்று வார் போகும் இடத்தில் வட்டை உள்ளே செருகி அழுத்த வேண்டும். குதிரை இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னே வைத்து நின்றால் சத்தம் தெளிவாகக் கேட்கும். "லப்-டப்" இரண்டும் சேர்ந்தது ஒரு துடிப்பு. புதிதாகக் கேட்கிறவர்கள் இரண்டாக எண்ணிவிட்டு, நல்ல குதிரைக்கு 80 என்று பதறிப்போய்க் கூப்பிடுவார்கள்.

ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டால் தாடை எலும்பின் அடிவிளிம்பில் ஓடும் நாளத்தை விரல் நுனியால் தேடலாம். கயிறு மாதிரி உருளும் ஒன்று அகப்படும். கட்டைவிரலைப் பயன்படுத்தாதீர்கள், உங்கள் நாடியே உங்களுக்குக் கேட்கும்.

15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வழக்கம். ஒரு துடிப்பு விட்டுப்போனால் கணக்கில் நாலு குறையும். 100-க்கும் 104-க்கும் நடுவே இது பெரிதில்லை. போட்டிகளில் மருத்துவர்கள் வைக்கும் 64 என்ற கோட்டில் நிற்கும்போது பெரிது. அங்கே முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பயிற்சிக் குதிரைகளில் சிலது மூன்று நாலு துடிப்புக்கு ஒன்றை விட்டுவிட்டு அடிக்கும். முதல் தடவை கேட்கும்போது நம் நெஞ்சு நின்றுவிடும். நாலு எட்டு டிராட் விட்டுவிட்டுக் கேட்டால் அது மறைந்து, சீராக அடிக்கும். அப்படி மறைந்தால் கவலை வேண்டாம். ஓடவிட்ட பிறகும் தாளம் தப்பியே இருந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

ஸ்டெதஸ்கோப்பின் பெரிய குறை, ஓடும்போது கேட்க முடியாது என்பது. இறங்கிப் போய் வட்டை வைப்பதற்குள் நாடி வேகமாக விழுந்துவிடும். கேன்டரில் 165 ஓடிய குதிரை, நீங்கள் சேணத்திலிருந்து இறங்கிக் காதில் மாட்டுவதற்குள் 110-க்கு வந்திருக்கும். முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில்தான் இந்தச் செங்குத்தான இறக்கம். ஆகவே ஓட்டத்தில் இதயம் எவ்வளவு உழைத்தது என்று காதால் சொல்லவே முடியாது.

ஆனால் அந்த உழைப்பிலிருந்து குதிரை எவ்வளவு சீக்கிரம் மீண்டது என்பதைக் காது துல்லியமாகச் சொல்லும். குதிரையைக் காப்பாற்றும் எண் பெரும்பாலும் இதுதான். எண்டூரன்ஸ் விளையாட்டே இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கி இன்றும் நடக்கும் டெவிஸ் கப் 100 மைல் சவாரியிலிருந்து சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ நடத்தும் போட்டிகள் வரை, இடையிடையே குதிரையை நிறுத்தி மருத்துவர்கள் நாடி பார்க்கிறார்கள். எஃப்இஐ போட்டிகளில் வழக்கமான கோடு 64. குறித்த நேரத்துக்குள் அதற்கு இறங்காத குதிரைக்கு அன்றைய போட்டி அதோடு முடிந்தது.

அந்தச் சோதனைகளிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துவர வேண்டிய ஒன்று உண்டு. இளைப்பாறிய குதிரையின் நாடியை எண்ணுங்கள். 40 மீட்டர் டிராட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள். டிராட் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடியும் எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் குதிரை தெம்பாக இருக்கிறது. நாலு கூடினால் கவனம் வேண்டும். எட்டு கூடினால் எங்கோ வலி இருக்கிறது, அல்லது தண்ணீரும் உப்பும் குறைந்திருக்கிறது, அல்லது களைப்பு மிஞ்சிவிட்டது. ஒரு காசு செலவில்லாத சோதனை இது.

மறைவான செலவு ஒன்று இருக்கிறது: கற்றுக்கொள்ளும் காலம். எண்ணுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும், ஓய்வு எண்ணை இரண்டு வாரமாவது தினமும் காலையில் எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் குதிரைக்கு 32 வழக்கமா, 40 வழக்கமா என்று தெரியாமல் 44-ஐப் பார்த்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

## நூற்றுச் சொச்ச ரூபாய்த் தெர்மாமீட்டர்

யாரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, மீதி எல்லாம் சூடு. 400, 450 கிலோ உடம்பில் உண்டாகும் அந்தச் சூட்டை வெளியேற்ற, எடையோடு ஒப்பிட்டால் குதிரைக்குத் தோல் பரப்பு நம்மைவிடக் குறைவு. வியர்வைதான் வழி. கடுமையான வெயிலில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். அந்த வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக் காற்றில் அது காயாது, வழிந்து மண்ணில் விழும். குதிரைக்குத் தண்ணீரும் போயிற்று, சூடும் இறங்கவில்லை.

எனக்கு இது புரிந்தது ஒரு புரட்டாசிக் காலையில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பழகிய என் காத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை செல்லியை, கோவளத்துக்குத் தெற்கே ஒரு பயிற்சிச் சவாரிக்குக் கொண்டுபோயிருந்தேன். 20 கிலோமீட்டர்தான். பெல்ட் போட்டிருந்தேன். வழியில் நாடி 150-ஐத் தாண்டவே இல்லை, மனதுக்கு நிறைவாக இருந்தது. நின்ற நாலாவது நிமிடம் 76. பிறகு 72. மறுபடி 76. பத்து நிமிடம் ஆகியும் அங்கேயே நின்றது. பெல்ட் சரியாக ஒட்டவில்லை என்று முடிவு செய்து, மின்முனைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

பந்தய லாயத்தில் முப்பது வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றிருந்தார். செல்லியின் வயிற்றோரத்தைப் பார்த்தார். மூச்சு நிமிடத்துக்கு 90-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, பெல்ட்டை விடு. மூச்சு நாடியைத் தாண்டிப் போவுது பாரு. உள்ள கொதிக்குது" என்றார். தெர்மாமீட்டர் 105.1 காட்டியது. அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே? மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், கேட்காமலே ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு கூடை ஐஸை எங்கள் டிரம்மில் கொட்டினார். ஊற்றினோம், ஊற்றினோம், கை ஓயும்வரை ஊற்றினோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 105.4. ஓட்டம் நின்ற பிறகும் தசைக்குள் இருந்த சூடு வெளியே வந்துகொண்டே இருந்திருக்கிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் 102.8-க்கு வந்தது. செல்லி தண்ணீரில் மூக்கை வைத்து இழுத்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெல்ட் பொய் சொல்லவில்லை. 76-இல் நின்ற நாடி உண்மையைத்தான் சொன்னது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. இரண்டாவது எண் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தை இழந்திருக்க மாட்டேன்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் கோடுகள்: ஓடி முடித்து 103 என்றால் சாதாரணம், நடக்க வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். 104 வந்தால் அன்றைய வேலை முடிந்தது, நிழலில் நிறுத்தித் தொடர்ந்து குளிர்ந்த நீர். 105-ஐத் தொட்டால் ஊற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுவேன். சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று நம் லாயங்களில் இன்னும் சொல்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை முன்னிட்டு நடந்த ஆய்வுகளில் அந்தப் பயம் ஆதாரமற்றது என்று தெரிந்து, அங்கே குதிரைகளை ஐஸ் நீரால் குளிர்வித்தார்கள். உடம்பு முழுக்க ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஊற்றிய நீரை வழித்துவிடும் வேலைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

கருவி என்று பார்த்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் வளையும் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதன் பின்முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணிக்கு மாட்டும் கிளிப். கிளிப்பை வால்முடியில் மாட்டிவிட்டால் தெர்மாமீட்டர் கீழே விழாது, உள்ளேயும் போகாது. முனை குடல் சுவரைத் தொட வேண்டும். சாணி உருண்டைக்குள் குத்தி நின்றால் தப்பான எண் வரும். கடுமையாக ஓடிய குதிரைக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து உள்ளே காற்று புகுந்திருக்கும், அப்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எண் நிம்மதி தந்தாலும் குதிரையின் முகம் நிம்மதி தராவிட்டால் முகத்தை நம்புங்கள். உதைக்கும் குதிரைக்குப் பின்னால் நேராக நிற்காமல், பக்கவாட்டில் உடம்போடு ஒட்டி நில்லுங்கள்.

## பெல்ட்: ஓட்டத்தின் நடுவே ஒரு சாளரம்

போலார் போன்ற நிறுவனங்கள் குதிரைக்கென்றே செய்யும் பெல்ட்டில் இரண்டு மின்முனைகள். சேணத்தோடு போடும் வகையில் ஒன்று சேணத்தின் அடியில், முதுகு தொடங்கும் மேட்டுக்கு இடப்பக்கம் இருக்கும். மற்றது கீழே வயிற்று வாரின் அடியில், இடது முழங்கைக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே இதயத்தின் மின்துடிப்பைப் பிடித்து, மணிக்கட்டிலுள்ள கடிகாரத்துக்கோ செல்பேசிக்கோ அனுப்பும்.

இதன் பலம், காதால் முடியாத ஒன்றைச் செய்வது. ஒரே தோப்புத் தடத்தில் ஒரே வேகத்தில் ஓடும்போது போன மாதம் 155, இந்த மாதம் 140 என்றால் குதிரைக்குப் பயிற்சி பலித்திருக்கிறது. அதே தடம், அதே வேகம், அதே வெயில், நாடி மட்டும் 15 கூடியிருக்கிறது என்றால் வலியைச் சந்தேகியுங்கள். கண்ணுக்கு நொண்டல் தெரிவதற்கு முன்பே நாடியில் தெரிந்த சந்தர்ப்பம் எனக்கு இரண்டு முறை வாய்த்திருக்கிறது. ஒரு தடவை குளம்புக்குள் சீழ், இன்னொரு தடவை சேணம் அழுத்தி முதுகில் வீக்கம். இதற்காக மட்டுமே பெல்ட்டுக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

நீண்ட தூரப் பயிற்சியில் எந்த இடத்தில் ஆக்சிஜனைக் கொண்டு ஓடுகிறது, எந்த இடத்தில் கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் தேங்க ஆரம்பிக்கிறது என்ற கோடும் நாடியில் ஓரளவு தெரியும். குதிரைக்குக் குதிரை வித்தியாசம் இருந்தாலும், 150-க்குக் கீழே வைத்து ஓட்டினால் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கம் இருக்கிறீர்கள். எண்டூரன்ஸ் பயிற்சியின் பெரும்பகுதி அங்கேதான் நடக்க வேண்டும். வேகமாக ஓட்டுவது யாருக்கும் வரும், மெதுவாக ஓட்டும் கட்டுப்பாட்டைத்தான் பெல்ட் கற்றுத்தருகிறது.

தொல்லைகளுக்கு வருவோம். உலர்ந்த முடி மின்சாரத்தைக் கடத்தாது. முதல் பத்து நிமிடம் நடையிலேயே 220 காட்டும், இல்லையென்றால் பூஜ்யம் காட்டும். மின்முனை படும் இடத்தில் உப்புக் கரைத்த நீரால் தோல்வரை நனைத்து, ஜெல்லும் தடவ வேண்டும். வியர்க்கத் தொடங்கியதும் தானாகச் சரியாகிவிடும். பாலியெஸ்டர் சேணத் துணி உராய்ந்து உண்டாகும் நிலைமின்சாரமும் பொய் எண் கொடுக்கும், பருத்திக்கு மாறினேன், குறைந்தது. குதிரையின் இதய மின்வரைவில், ஒவ்வொரு துடிப்பின் முக்கிய அலைக்கும் பின்னால் வரும் டி அலை பெரிதாக வருவதுண்டு. கருவி அதையும் ஒரு துடிப்பாக எண்ணிவிட்டால் 60 சட்டென்று 120 ஆகிவிடும். எண் சரியாக இரட்டிப்பானால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள், காதால் சரிபாருங்கள். எண் ஏறும் எல்லா நேரமும் உழைப்பும் அல்ல. புதரிலிருந்து மயில் பறந்தால் 40-இல் இருந்த நாடி 110-க்குத் தாவி அரை நிமிடத்தில் திரும்பும்.

செலவு விலையோடு நிற்காது. நாணய பேட்டரி, ஜெல், உப்பில் அரிக்கும் பொத்தான்கள், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம், கெட்டுப்போனால் பழுதுபார்க்க இங்கே ஆளில்லாமை. ஒவ்வொரு தடவையும் நல்ல நீரில் அலசி நிழலில் காயவைக்காவிட்டால் ஒரு வருடத்தில் மின்முனை போய்விடும். வாரின் அடியில் உப்புப் படிந்து தோலை அறுத்துப் புண்ணாக்கும், இதை நான் பல குதிரைகளில் பார்த்திருக்கிறேன். இன்னொன்றைப் பணத்தில் சொல்ல முடியாது: ஓட்டுகிறவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு குதிரையின் காதைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

## இசிஜியோடு வரும் பெரிய கருவிகள்

பிரான்சின் அரியோனியோ நிறுவனத்தின் ஈக்விமீட்டர் இந்த வகைக்கு நல்ல உதாரணம். வாரில் பொருத்தினால் இதயத் துடிப்பின் வரைவு, ஜிபிஎஸ் வேகம், எட்டின் நீளம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்களுக்காகச் செய்தது. நாற்பது ஐம்பது குதிரைகள், ஒரே ஓடுதளம், விடிவதற்கு முன் அடுத்தடுத்து ஓட்டம் என்ற சூழலில் இது பொன். எந்த வேகத்தில் ஒவ்வொரு குதிரையின் நாடியும் 200-ஐத் தொடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த வேகம் எவ்வளவு அதிகமோ குதிரையின் தாங்குதிறனும் அவ்வளவு நல்லது.

நாடி எண்ணிக்கை மட்டும் தரும் பெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு தாளம். திடீரென்று ஓட்டத்தில் பின்தங்கும் குதிரைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கோளாறு இருக்கலாம். ஓய்வில் நாடி வழக்கமான எண்ணில் இருந்துகொண்டே இது இருக்கும். எண்ணைப் பார்த்தால் தெரியாது, வரைவைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த வரைவைப் படிக்க மருத்துவர் வேண்டும். செயலி சிவப்பு விளக்குக் காட்டியதும் நோய் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கருவியின் விலை ஒருபுறம், செயலிக்கான சந்தா இன்னொருபுறம், தினமும் அந்தப் பதிவுகளை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது மூன்றாவது. தாளத்தில் சந்தேகம் வந்தால் ஒருமுறை மருத்துவரிடம் இசிஜி எடுத்துப் பார்ப்பது மலிவு. அலைவ்கோரின் கார்டியாமொபைல் என்ற, மனிதர்களுக்கான உள்ளங்கை அளவுக் கருவியை நிற்கும் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் நனைத்து வைத்து வரைவு எடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நிற்கும்போது மட்டும்தான், ஓட்டத்துக்கு உதவாது.

## ஒரே வரியில் முடியக்கூடியவை

கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றித் தெர்மாமீட்டரைக் குதிரைக்குக் காட்டாதீர்கள். அது தோல்மேல் சூட்டைத்தான் படிக்கும், முடியும் வியர்வையும் ஊற்றிய நீரும் சேர்ந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வெப்பம் காட்டும் மைக்ரோசிப்பை மருத்துவர் உடம்புக்குள் வைக்கலாம், வாசிக்கத் தனிக் கருவி வேண்டும், சிப் இருக்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். விரல் அளவு லாக்டேட் மீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. பயிற்சித் திட்டத்துக்கு அருமையானது, ஆனால் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி குத்த மருத்துவர் வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | ஸ்டெதஸ்கோப் | தெர்மாமீட்டர் | பெல்ட் | இசிஜி வகைக் கருவி |
|---|---|---|---|---|
| எதைக் காட்டும் | நாடி, தாளம், குடல் சத்தமும் | உள் சூடு | நாடி | நாடி, தாளம், வேகம், எட்டின் நீளம் |
| எப்போது | நின்ற பிறகு | நின்ற பிறகு | ஓடும்போதும் பிறகும் | ஓடும்போதும் பிறகும் |
| எங்கே தவறும் | எண்ணுகிறவர் கவனம், இரைச்சல் | சாணி, உள்ளே புகுந்த காற்று | உலர்ந்த முடி, டி அலை, நிலைமின்சாரம் | பெல்ட்டின் தவறுகளோடு, வரைவைத் தவறாகப் படிப்பது |
| முதல் செலவு | நூறுகளில், மிஞ்சினால் ஆயிரம் | நூறுகளில் | அதைப்போல் பல மடங்கு | எல்லாவற்றையும்விட அதிகம் |
| தொடரும் செலவு | இல்லை | பேட்டரி | ஜெல், பேட்டரி, மின்முனை | சந்தா, படிக்க ஆள் |
| கற்க | இரண்டு வாரம் | ஒரு நாள் | ஒரு மாதம் | மருத்துவர் துணையோடு |

## மூவருக்கும் சொன்னது

கோயம்புத்தூர்த் தம்பிக்கு: பெல்ட் வாங்கு, ஆனால் மூன்று மாதம் கழித்து வாங்கு. அதற்குள் ஸ்டெதஸ்கோப்பால் ஓய்வு நாடியும் பத்தாவது நிமிட நாடியும் ஒரு நோட்டில் ஏறட்டும். போட்டியில் மருத்துவர் உன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், ஸ்டெதஸ்கோப்பைத்தான் வைப்பார். அவருக்குக் கேட்பது உனக்கும் கேட்க வேண்டும்.

கடற்கரைச் சாலைச் சகோதரிக்குப் பெல்ட்டே வேண்டாம் என்றேன். ஏழு குதிரைக்கு ஏழு பெல்ட் கட்டி அவிழ்க்க அங்கே ஆளும் இல்லை, அவர் குதிரைகள் செய்யும் டிராட் வேலைக்கு ஓட்டத்தின் நடுவில் நாடி தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய எதிரி ஈரக் காற்று. இரண்டு தெர்மாமீட்டர், ஒரு ஸ்டெதஸ்கோப், நிழலில் எப்போதும் நிரம்பிய இரண்டு டிரம், லாயத்துச் சுவரில் 104 என்று பெரிதாக எழுதிய பலகை. எண்ணுவதற்குக் குதிரைக்காரத் தம்பிக்கே பழக்கச் சொன்னேன், நாளெல்லாம் குதிரையோடு இருப்பவர் அவர்தான். பாடம் கற்கும் பிள்ளைகளுக்கும் ஈறை அழுத்திப் பார்க்கச் சொல்லித்தரலாம். விரலை எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். குதிரையைச் சவாரிக்கு மட்டும் அல்லாமல் ஒரு உயிராகப் பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஈரோட்டுப் பெரியவருக்கு மெஷின் வேண்டாம். வண்டிப் பாய்ச்சல் குறுகிய தூரம், முழு வேகம், நாடி உச்சத்துக்குப் போகும் என்பது பார்க்காமலே தெரிந்தது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது குதிரை அடுத்த ஓட்டத்துக்குத் தயாரா என்பதுதான். அவர் பேரன் பத்தாம் வகுப்பு. "அவன் காதுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் குடுங்கய்யா" என்றேன். வண்டியை அவிழ்த்ததும் நேரம் குறிக்க வேண்டும், பத்தாவது நிமிடம் எண்ண வேண்டும். 64-க்குக் கீழே இருந்தால் தண்ணீர் காட்டி, மூச்சும் சூடும் பார்த்துவிட்டு யோசிக்கலாம். அதற்கு மேலே நின்றால் கால் மணி கழித்து இன்னொரு முறை எண்ண வேண்டும். அப்போதும் இறங்கவில்லையென்றால் அன்றைக்கு மறுபடி பூட்டக் கூடாது, யார் வந்து கேட்டாலும் சரி.

போன வாரம் பெரியவர் கூப்பிட்டார். பேரன் ஓய்வில் 36 எண்ணியிருக்கிறான். "மூணுக்கு ஒண்ணு விட்டு அடிக்குதுங்க, சொல்லிப்புட்டு அழுவறான்" என்றார். நாலு எட்டு டிராட் விட்டுவிட்டு மறுபடி கேட்கச் சொல்லி, தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தேன்.